சக்கர ஸ்டட் முறிவு

சக்கர ஸ்டட் முறிவு என்பது மோட்டார் வாகனத்தின் சக்கரத்தை ஹப்போடு சேர்த்துப் பிடிக்கும் மரையிட்ட எஃகுத் தண்டு அறுந்துபோகும் பழுது. பட்டறைகளில் இதை 'ஸ்டட்டு கட்டாயிடுச்சு' என்பார்கள். சிறிய கார்களில் சக்கரத்துக்கு 4, பெரிய கார்களிலும் ஜீப் வகை வண்டிகளிலும் 5 அல்லது 6, கனரக லாரிகளில் 8 அல்லது 10 ஸ்டட்டுகள் இருக்கும். ஒன்று அறுந்தால் அதன் பங்கு மற்றவற்றின்மேல் ஏறும். கவனியாமல் ஓட்டினால் அடுத்தடுத்து அறுந்து, கடைசியில் சக்கரமே கழன்று ஓடும். ஒரே வண்டியில், குறிப்பாக ஒரே சக்கரத்தில், ஸ்டட்டு திரும்பத் திரும்ப அறுகிறது என்றால் குறை பெரும்பாலும் ஸ்டட்டில் இருப்பதில்லை. ஸ்டட்டு காக்க வேண்டிய இறுக்கம் எங்கோ குலைகிறது. புதிதாகப் போட்ட ஸ்டட்டும் சில வாரங்களில் அதே கதிக்கு ஆளாவது இதனால்தான்.

வரலாறு

கழற்றும் சக்கரத்தின் தோற்றம்

முதல் தலைமுறை மோட்டார் வண்டிகளில் சக்கரம் அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றும் வழக்கம் இல்லை. சாலையோரத்தில் உட்கார்ந்து, டயரை வளையத்திலிருந்து நெம்பி எடுத்து, ஒட்டுப்போட்டு மறுபடி ஏற்ற வேண்டும். இந்தத் தொல்லைக்கு முதலில் வழி கண்டவர்களுள் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரைச் சேர்ந்த தாமஸ் மாரிஸ் டேவிஸ் ஒருவர். 1904இல் அவர் உருவாக்கியது, ஆரக்கால் இல்லாத ஒரு வளையமும் அதன்மேல் காற்றடித்த டயரும். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் இதைக் கவ்விகளால் மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டலாம். அவருடைய பட்டறை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே பண்டத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டில் மாற்றுச் சக்கரம் இன்றும் ஸ்டெப்னி என்றே வழங்குகிறது.

நட்டுகளால் இறுக்கும் முறையின் பயன் உலகறிய வெளிப்பட்டது 1906 ஜூனில் லெ மான் நகருக்கருகே நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில். ரெனோ வண்டியை ஓட்டிய ஃபெரென்ஸ் சிஸ், மிஷெலின் நிறுவனத்தின் கழற்றும் வளையங்களைப் பயன்படுத்தினார். வளையம் ஒவ்வொன்றும் 8 நட்டுகளால் சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. டயரை அறுத்தெடுத்துப் புதிது மாட்டப் பிறர் பலருக்குக் கால் மணி நேரம் ஆனபோது, சிஸ்ஸின் வண்டியில் நட்டுகளைக் கழற்றி டயரோடு கூடிய புது வளையத்தை மாட்ட 4 நிமிடத்துக்கும் குறைவாகவே ஆயிற்று. பந்தயத்தை வென்றவரும் அவரே.

அடுத்த படி, வளையத்தை மட்டுமன்றி முழுச் சக்கரத்தையும் கழற்றுவது. இங்கிலாந்தில் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தின் ஜான் பியூ உருவாக்கிய கம்பிச் சக்கரம் பல்வரியிட்ட ஹப்பில் செருகி, நடுவே ஒற்றைப் பெரு நட்டால் இறுக்கப்பட்டது. 1908 பிரெஞ்சு கிராண்ட் பிரியில் இவ்வகைச் சக்கரத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் நேப்பியர் அணி பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. பின்னாளில் விளையாட்டுக் கார்களின் அடையாளமாகவே இவ்வமைப்பு ஆனது. ஒற்றை நட்டில் வண்டியின் இடப்பக்கத்துக்கு வலமுறை மரையும், வலப்பக்கத்துக்கு இடமுறை மரையும் வெட்டப்பட்டன.

சாதாரண மக்களின் கார்களுக்கு ஒற்றை நட்டு விலை கூடியது. ஜோசப் சாங்கி நிறுவனம் 1908ஐ ஒட்டி இங்கிலாந்தில் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகட்டுச் சக்கரத்தைக் கொண்டுவந்தது. மரத்தால் ஆன ஆரக்கால் சக்கரத்தின் தோற்றத்தில், உள்ளீடற்ற எஃகில் அமைந்த அது ஹப்பில் சில நட்டுகளால் இறுக்கப்பட்டது. 1930களில் தட்டையான எஃகு வட்டுச் சக்கரம் உலகெங்கும் பரவியபோது, வட்டமாக அமைந்த 4 அல்லது 5 ஸ்டட்டுகள், ஒவ்வொன்றிலும் கூம்பு முனை கொண்ட நட்டு என்ற அமைப்பு நிலைபெற்றது. இன்றைய காரில் இருப்பதும் அதுவே.

மரையின் வரலாறு

ஸ்டட்டின் கதை மரையின் கதையும் ஆகும். 1841இல் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணமுள்ள மரையை இங்கிலாந்துக்குப் பொதுவாக்க முன்மொழிந்தார். அதுவரை பட்டறைக்கொரு மரை. ஒரு பட்டறையின் நட்டு இன்னொன்றின் போல்ட்டில் ஏறாது. 1864இல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட மரையை அமெரிக்காவுக்கு வகுத்தார். ஐரோப்பாவின் மெட்ரிக் மரைக்கான உடன்பாடு 1898இல் சூரிக் மாநாட்டில் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் உதிரிப்பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பட்ட பாட்டுக்குப் பின், 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒருங்கிணைந்த அங்குல மரையை ஏற்றன. இந்தியாவில் 1940களின் இறுதியில் தொடங்கிய வில்லிஸ் ஜீப் வழிவந்த வண்டிகளில் அரை அங்குல ஸ்டட்டும், சுசுகி வழிவந்த கார்களில் மெட்ரிக் ஸ்டட்டும் இருப்பது இந்த இரு மரபுகளின் எச்சம்.

இடமுறை மரையும் இதே வரலாற்றைச் சேர்ந்தது. துளைக்கும் நட்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருந்தால், சக்கரம் சுழலச் சுழல நட்டு தன் இருக்கையில் மெல்ல உருண்டு எதிர்த்திசையில் நகரும். அதனால் இடப்பக்கச் சக்கரங்களில் வலமுறை நட்டு கழலும் என்று கருதி, ஒற்றைப் பெரு நட்டுக்கு நேர்மாறாக, அப்பக்கத்துக்கு இடமுறை மரை வைத்தனர். வில்லிஸ் ஜீப்பின் இடப்பக்கம் அப்படித்தான். அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் 1970ஆம் ஆண்டளவிலும் இதைக் கைவிடவில்லை. வழக்கம் அறியாதவர்கள் கழற்றுவதாக எண்ணி இறுக்கி இறுக்கியே ஸ்டட்டை முறித்தனர். கூம்பு நட்டு தன் இருக்கையில் இடைவெளியின்றி அமர்வதாலும், போதிய இறுக்கம் உள்ள நட்டு உருள்வதே இல்லை என்பதாலும் மரையின் திசை பொருட்டல்ல என்பது தெளிவானது. இன்றைய கார்களில் இருபுறமும் வலமுறை மரையே.

உலோகக் களைப்பின் கண்டுபிடிப்பு

1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலோடி டுமோன் டுர்வில் அவர்களுள் ஒருவர். பலமான இரும்பு, தன் வலிமைக்கு மிகக் குறைந்த சுமையில் ஏன் முறிகிறது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அடுத்த ஆண்டே வில்லியம் ரேங்கின், அச்சின் பருமன் திடீரென மாறும் தோள்களில் விரிசல் பிறந்து சிறுகச் சிறுக உள்நோக்கி வளர்வதைக் காட்டினார். பிரஷ்ய ரயில்வே பொறியாளர் அவுகுஸ்ட் வோலர் 1850களிலிருந்து 1870 வரை அச்சுகளையும் தண்டுகளையும் லட்சக்கணக்கான சுழற்சிகளுக்கு ஆளாக்கிச் சோதித்தார். உடையவைப்பது சுமையின் உச்ச அளவைவிட அதன் ஏற்ற இறக்கத்தின் அளவே என்பதும், எஃகுக்கு ஓர் எல்லைக்குக் கீழே களைப்பு ஏற்படுவதில்லை என்பதும் அவருடைய முடிவுகள். 1903இல் ஈவிங்கும் ஹம்ஃப்ரியும் நுண்ணோக்கியின் கீழ், படிகங்களில் வழுக்குக் கோடுகள் தோன்றி விரிசலாக மாறுவதைக் கண்டனர்.

அச்சுக்குச் சொன்னது ஸ்டட்டுக்கும் பொருந்தும். மரையின் ஒவ்வொரு பள்ளமும் ரேங்கின் சொன்ன தோளே. நட்டில் முதலில் கவ்வும் மரைச்சுற்று மொத்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தாங்குவதால் விரிசல் பெரும்பாலும் அங்கேயே பிறக்கிறது. மரையை வெட்டாமல் உருளைகளுக்கிடையே அழுத்தி எழுப்பினால் பள்ளத்தில் அமுக்கத் தகைவு எஞ்சி, விரிசல் பிறப்பதைத் தாமதிக்கும். நல்ல ஸ்டட்டுகள் அனைத்தும் அவ்வாறே செய்யப்படுகின்றன. லேத்தில் கடைந்து ஒப்பேற்றிய ஸ்டட்டு அவற்றுக்கு ஈடாகாது.

நட்டு தானே கழல்வதன் காரணத்தை விளக்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர். 1969இல் அவர் வெளியிட்ட ஆய்வு, போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாக்கில் வரும் அசைவே நட்டைக் கழற்றுகிறது என்று நிறுவியது. இரு முகங்களும் ஒன்றின்மேல் ஒன்று நழுவத் தொடங்கினால், மரையின் உராய்வு அத்திசையில் செலவாகி, நட்டைப் பிடித்துவைக்க எஞ்சுவதில்லை. அவர் வகுத்த சோதனை இன்றும் யுங்கர் சோதனை என்றே அழைக்கப்படுகிறது.

வகைப்பாடு

பிணைப்பு முறை. ஜப்பானிய, கொரிய, அமெரிக்க, இந்தியக் கார்களில் ஸ்டட்டு ஹப்பில் நிலையாக இருக்க, நட்டு மட்டும் கழலும். ஜெர்மானியக் கார்கள் பலவற்றில் ஸ்டட்டு கிடையாது. போல்ட்டு நேரே ஹப்பின் மரையில் ஏறும். ஸ்டட்டு முறையில் மரை கெட்டால் ஸ்டட்டை மாற்றினால் போதும். போல்ட்டு முறையில் ஹப்பே வீணாகலாம். சக்கரத்தை மாட்டும்போது தாங்கிப் பிடிக்கவும் ஸ்டட்டே வசதி.

மரை அளவு. மாருதி சுசுகி, நிசான் கார்களில் 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. மரை இடைவெளியும், டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய், கியா கார்களில் அதே 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும். மாருதி பலேனோவின் மறுவடிவான டொயோட்டா கிளான்சா, முகப்பில் டொயோட்டா முத்திரை இருந்தும் சுசுகி மரையைச் சேர்ந்தது. 1.25 நட்டு 1.5 ஸ்டட்டில் கையால் இரண்டு மூன்று சுற்று ஏறி நின்றுவிடும். அங்கே ஏர் கன் வைத்தால் மரையை அரைத்துக்கொண்டு மேலே போகும். இறுகிவிட்டது போலவே தோன்றும். உண்மையில் சக்கரத்தை எதுவும் பிடித்திருப்பதில்லை.

இருக்கை. நட்டு சக்கரத்தில் அமரும் இடம் 60 பாகைக் கூம்பாகவோ, ஹோண்டாவில் உள்ளதுபோல் உருண்டையாகவோ, டொயோட்டா அலாய் சக்கரங்கள் சிலவற்றில் உள்ளதுபோல் வாஷருடன் கூடிய தட்டையாகவோ இருக்கும். வெளிச்சந்தை அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் கூம்பு இருக்கை உடையவை. உருண்டை நட்டைக் கூம்பில் வைத்தால் முழுப் பரப்பும் படியாமல் மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். அழுத்தம் அந்த வளையத்தில் குவிந்து அலுமினியம் நசுங்க, இறுக்கம் போய்விடும்.

மையப்படுத்தல். சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் மேட்டில் அமர்ந்து மையம் பெறுவது ஒரு வகை; நட்டுகளின் கூம்பே மையப்படுத்துவது மற்றொன்று. நடுத்துளை மாருதி கார்கள் பலவற்றில் 54.1 மி.மீ., ஃபோக்ஸ்வேகனில் 57.1, ஹூண்டாயின் பெரிய கார்களில் 67.1. வெளிச்சந்தைச் சக்கரங்கள் எல்லா வண்டிக்கும் பொருந்தும்படி 73.1 மி.மீ. துளையுடன் வருவதுண்டு; இடைவெளியை ஒரு பிளாஸ்டிக் வளையம் நிரப்ப வேண்டும். அந்த வளையத்தைப் போடாமல் விடுவது மிகப் பரவலான அலட்சியம். லாரிகளிலும் இப்பிரிவு உண்டு. பழைய அமெரிக்க லாரிகளில் உருண்டை இருக்கையும் இடப்பக்கத்துக்கு இடமுறை மரையும். புதியவற்றில் ஹப் மேட்டில் அமரும் சக்கரம், 22 மி.மீ. வலமுறை ஸ்டட்டு, தட்டை நட்டு.

வலிமைத் தரம். ஸ்டட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற குறி இருக்கும். 10.9இல் முதல் எண் இழுவலிமை ஏறத்தாழ 1,000 மெகாபாஸ்கல் என்பதையும், புள்ளிக்குப் பின்னுள்ள 9 அதில் பத்தில் ஒன்பது பங்கில் எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதையும் குறிக்கும். கார் ஸ்டட்டுகளில் 10.9 வழக்கம். குறியே இல்லாத மலிவு ஸ்டட்டை நம்புவதற்கில்லை.

இயங்கும் விதம்

வண்டியின் எடையை ஸ்டட்டு குறுக்கே தாங்குகிறது என்பது பரவலான தவறான எண்ணம். நட்டை இறுக்கும்போது ஸ்டட்டு நீளவாக்கில் இழுபடுகிறது. அந்த இழுவிசை சக்கரத்தை ஹப் முகத்தோடு அழுத்துகிறது. அழுத்தத்தால் பிறக்கும் உராய்வே எடை, பிரேக், திருப்பம் ஆகிய விசைகளைத் தாங்குகிறது.

ஒரு கணக்கு. ஹோண்டா கார்களுக்குச் சொல்லப்படும் 108 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை, உலர்ந்த மரைக்கு வழக்கமாகக் கொள்ளும் 0.2 என்ற முறுக்குக் கெழுவோடு கணக்கிட்டால், 12 மி.மீ. ஸ்டட்டில் 45 கிலோநியூட்டன் இழுவிசை உண்டாகும். 4 ஸ்டட்டுகளுக்கு 180. சக்கர முகத்தின் உராய்வுக் கெழு 0.15 என்றாலும் 27 கிலோநியூட்டன் பிடிப்பு கிடைக்கும். சிறு காரில் ஒரு சக்கரத்தின்மேல் நிற்கும் எடை சுமார் 3 கிலோநியூட்டன்தான். இறுக்கம் இருக்கும்வரை ஸ்டட்டு சுழலும் சுமையை உணர்வதே இல்லை. இறுக்கம் போனால் சக்கரம் முகத்தில் நழுவும். ஸ்டட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வளையும். 14 அங்குலச் சக்கரமுள்ள கார் ஒரு கிலோமீட்டரில் 500க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்கிறது. 200 கிலோமீட்டர் பயணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். வோலரின் சோதனைக்கூடம் அப்போது சாலையிலேயே நடக்கிறது.

மிகை இறுக்கமும் அதே அளவு கேடு. 10.9 தரமுள்ள 12 மி.மீ. ஸ்டட்டு 73 கிலோநியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 92 கிலோநியூட்டன் அளவில் அறும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 செ.மீ. நீள வீல் ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றால் 177 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். உலர்ந்த மரையில் அது 73 கிலோநியூட்டனைத் தொடும். மரையில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் முறுக்குக் கெழு 0.15 அளவுக்கு இறங்கி, அதே முறுக்குவிசை 98 கிலோநியூட்டனாகிவிடும். கார் ஸ்டட்டுகளின் மரையில் எண்ணெய் இடலாகாது என்பது இதனால்தான். துருப்பிடிக்காமல் காக்கும் நன்மை இந்த இழப்புக்கு ஈடாகாது. ஸ்பானரில் ஒரு மீட்டர் இரும்புக் குழாயைச் செருகி ஏறி நிற்பவர், எண்ணெய் இல்லாமலே ஸ்டட்டை முறித்துவிடுவார்.

முறிவின் காரணங்கள்

தளர்ச்சியால் வரும் களைப்பே முதன்மையானது. 45 கிலோநியூட்டன் இழுவிசையில், பிடிப்பு நீளம் 25 மி.மீ. உள்ள ஸ்டட்டு சுமார் 0.05 மி.மீ. மட்டுமே நீள்கிறது. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள துரு, மண், பழைய வண்ணம் ஆகியவை ஓட்டத்தில் நசுங்கி அந்த 0.05 மி.மீ. அளவுக்கு மெலிந்தால் முழு இறுக்கமும் காலி. அலாய் சக்கரத்துக்கு மறுபடி பவுடர் கோட்டிங் அடிக்கும்போது படலம் 0.06 மி.மீட்டருக்கும் மேல் அமைவது வழக்கம். நட்டு இருக்கையிலும் ஹப் முகத்திலும் மறைப்பு ஒட்டாமல் பூசிவிட்டால் சக்கரம் வண்ணத்தின்மேல்தான் நிற்கும். நட்டை எத்தனை முறை இறுக்கினாலும் மறுவாரம் தளரும்.

அடுத்தது மிகை இறுக்கம். ஏர் கன்னின் உச்சத்தில் ஒரே மூச்சாக அடித்து இறுக்கும் பஞ்சர் கடை அவசரம் ஸ்டட்டை நீட்டி, மரையின் இடைவெளியையே மாற்றிவிடும். அத்தகைய ஸ்டட்டு அன்றே அறாமல் அடுத்த முறை கழற்றும்போது அறும். பழி அப்போது கழற்றியவர்மேல் விழும்.

சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கும் ஸ்பேசர் தகடுகள் மூன்றாவது. 5 மி.மீ. தகடு 1.25 இடைவெளியுள்ள மரையில் 4 சுற்றுகளை விழுங்குகிறது. நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தளவாவது, அதாவது 12 மி.மீ. ஆழம், கவ்வ வேண்டும். 1.25 மரையில் ஏறத்தாழ 10 சுற்றுக்குக் குறைந்தும், 1.5 மரையில் 8 சுற்றுக்குக் குறைந்தும் நட்டு நின்றால் ஆபத்து.

முலாம் பூசும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜனால் நேரும் நொறுங்கல் அரிது. இறுக்கிய சில மணி நேரத்தில், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே தலை தெறித்தால் இதை ஐயுறலாம். முலாமிட்ட பின் சூளையில் சூடேற்றி ஹைட்ரஜனை வெளியேற்றாத சரக்கில் இது வரும்.

கண்டறிதல்

முறிந்த துண்டே முதல் சாட்சி. துடைத்துப் பளபளப்பாக்காமல் அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும். களைப்பால் அறுந்த முகத்தில் ஒரு பக்கம் வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுச்செல்லும் வரிகள்போல் வளைவுக் கோடுகள் தெரியும். எஞ்சிய பகுதி கரடாக இருக்கும். கரடான பகுதி சிறிதாக இருந்தால் ஸ்டட்டின்மேல் இருந்த சுமை குறைவு, ஆனால் நெடுநாள் அசைந்திருக்கிறது. கரடு பெரிதாக இருந்தால் அது கடைசியில் மிச்சச் சுமையால் அறுந்தது. ஒரே சக்கரத்தில் பல அறுந்திருந்தால், வழவழப்புப் பகுதி அதிகமுள்ளதே முதலில் போனது. பழுதைத் தேட வேண்டிய இடம் அதன் துளை. சுருள்போல் முறுக்கிய தடத்துடன் தட்டையாக அறுந்திருந்தால் மிகை முறுக்கு. நடுவில் குறுகி, ஒரு பக்கம் கிண்ணமாகவும் மறுபக்கம் கூம்பாகவும் பிரிந்திருந்தால் நீளவாக்கில் இழுத்து அறுந்தது.

அறுந்த இடமும் பேசும். நட்டின் உள்முனையை ஒட்டி அறுந்தால் இறுக்கக் குறை அல்லது பொருந்தாத நட்டு; ஹப் முகத்தை ஒட்டி அறுந்தால் சக்கரம் முகத்தில் முழுதாகப் படியாமல் ஸ்டட்டு வளைந்திருக்கிறது.

அடுத்த கேள்வி, பழுது எதைத் தொடர்கிறது என்பது. சக்கரங்களை இடம் மாற்றிப் பார்க்கும்போது பழுதும் சக்கரத்தோடு போனால் குறை சக்கரத்தில்: முட்டை வடிவான துளை, நசுங்கிய இருக்கை, இருக்கையில் வண்ணம். பழுது அதே மூலையில் நின்றால் குறை ஹப்பில்: துருவால் உப்பிய பிரேக் டிஸ்க், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டிஸ்க் திருகு, வளைந்த ஹப் முகம். நேர்க்கோல் வைத்தும் டயல் கேஜ் பிடித்தும் முகத்தின் நேரை அளக்கலாம். நான்கு மூலையிலும் மாறிமாறி வந்தால் இறுக்கும் முறை, நட்டு, வாங்கிய ஸ்டட்டின் தரம் ஆகிய மூன்றில் ஒன்று. கடைசியாகச் சக்கரம் கழற்றப்பட்ட நாளும் அதற்குப் பின் ஓடிய தூரமும் பெரும்பாலும் விடையைச் சொல்லிவிடும்.

முறிவுக்கு முன் வண்டி எச்சரிக்கவே செய்கிறது. மெதுவாகத் திரும்பும்போது 'டக் டக்' ஓசை, ஸ்டியரிங்கில் நடுக்கம், நட்டைச் சுற்றி ஆரம்போல் ஓடும் துருக்கோடு, அலாய் சக்கரமானால் கறுத்த அலுமினியப் பொடி ஆகியவை அடையாளங்கள். ஸ்டட்டு ஹப் துளையிலேயே சுழன்றால் அதன் பல்வரி இருந்த துளை தேய்ந்துவிட்டது. ஸ்டட்டை மாற்றிப் பயனில்லை, ஹப்பையே மாற்ற வேண்டும்.

பராமரிப்பைக் குறைசொல்லி நிறுத்திவிடுவதன் ஆபத்துக்கு ஜப்பான் எடுத்துக்காட்டு. 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் மிட்சுபிஷி லாரி ஒன்றின் முன்சக்கரம் கழன்று உருண்டு, நடந்துசென்ற இளம் தாய் ஒருவர் இறந்தார். பராமரிப்புக் குறையே காரணம் என்று நிறுவனம் கூறிவந்தது. ஸ்டட்டுகளைத் தாங்கும் ஹப்பே வடிவமைப்பில் பலவீனமானது என்று 2004இல்தான் ஒப்புக்கொண்டது, அதிகாரிகள் கைதாயினர்.

சீர்செய்தல்

அறுந்ததை மட்டும் மாற்றுவது போதாது. லாரிப் பராமரிப்பு மரபில், ஒன்று அறுந்தால் அதன் இருபக்கத்து ஸ்டட்டுகளையும், ஒன்றுக்கு மேல் அறுந்தால் அச்சக்கரத்தின் எல்லா ஸ்டட்டுகளையும் மாற்றுவார்கள். காருக்கும் அதுவே தகும். 4 ஸ்டட்டில் ஒன்று போயிருந்தால் நான்கையும் மாற்றுவது மேல். பழைய ஸ்டட்டை ஹப்பிலிருந்து அழுத்தி வெளியேற்றி, புதியதைப் பின்புறமிருந்து செருகி, பிரெஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும். சுத்தியால் அடிப்பது பேரிங்கைக் கெடுக்கும். பிரெஸ் இல்லாத இடத்தில் தடித்த வாஷர்களை வைத்து, பழைய நட்டு ஒன்றால் இழுத்து அமர்த்துவார்கள். அந்த நட்டை மறுபடி பயன்படுத்தலாகாது.

ஹப் முகத்தையும் சக்கரத்தின் உள்முகத்தையும் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியத் தேய்க்க வேண்டும். நட்டுகளைக் கையால் கடைசிவரை ஏற்றிய பின், சக்கரம் தரையைத் தொடாத நிலையில் மெல்ல இறுக்கி, இறக்கிய பின் டார்க் ரிஞ்சால் இரண்டு கட்டமாக முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 4 நட்டானால் குறுக்கே எதிரெதிராக, 5 ஆனால் நட்சத்திர வரிசையில். கையேட்டு அளவு சுசுகி கார்களில் 85 அல்லது 100 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவில் 103, புதிய ஹூண்டாயில் 107 முதல் 127 வரை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்த்து, நட்டிலிருந்து சக்கரத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டுவைத்தால், அடுத்த தளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சட்டமும் இன்றைய நிலையும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990களில் லாரிச் சக்கரங்கள் கழன்று உயிர்ச்சேதம் நேர்ந்ததால், 1997இல் சக்கரம் கழன்றாலே உரிமையாளர் குற்றவாளி, கவனமாக இருந்தேன் என்ற வாதம் செல்லாது என்று சட்டம் செய்யப்பட்டது. அபராதம் 50,000 டாலர் வரை. ஜப்பானில் 2010ஐ ஒட்டி லாரிகள் வலமுறை மரைக்கு மாறின. சக்கரம் கழலும் நிகழ்வுகள் அங்கு இடப்பக்கப் பின்சக்கரங்களிலேயே மிகுதி. 2022 ஜூனில் டொயோட்டா பிஇசட்4எக்ஸ் மின்காரின் ஹப் போல்ட்டுகள் சில நாள் ஓட்டத்திலேயே தளரக்கூடும் என்று சுமார் 2,700 வண்டிகள் உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்டு, பின்னர் வாஷருள்ள போல்ட்டுகள் கொடுக்கப்பட்டன. இந்தியப் பட்டறைகளில் டார்க் ரிஞ்சின் புழக்கம் மெல்ல வளர்ந்து வருகிறது.